கட்டில் கிடக்கும் வரை

கோர்ட்டு அமீனா அமல்தாஸ் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டீக்கடையில்தான் வண்டியை நிறுத்துவார். டீப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் சர்க்கரை வியாதிக்காரர், பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒரு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவோடு போகிறவன் திடுதிப்பென்று வாசலில் போய் நிற்கக் கூடாது என்பது அவருடைய தொழில் பாடம். டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சேதி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அழுகிறவர்கள் அழுது முடித்திருப்பார்கள். பெட்ரோல் கேனைத் தேடுகிறவனை அக்கம்பக்கத்தார் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். அதற்கப்புறம் போனால் அடிதடி இல்லாமல் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கதவைப் பூட்டி, ஜெயித்தவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம். முதலில் அடுப்பை வெளியே வைப்பார். அடுப்பு வெளியே வந்துவிட்டால் பெண்கள் அதன் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடக்கிறவரைத் தூக்கி வெளியே வைக்க மாட்டார். 'வீட்டில் நோயாளி இருந்தபடியால் உத்தரவை நிறைவேற்ற இயலவில்லை' என்று எழுதித் திருப்பிவிடுவார். கம்பைநல்லூர்ப் பக்கமெல்லாம் அவரைப் புண்ணியவான் என்று பேசிக்கொண்டார்கள். புண்ணியமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. முன்பு வேலை பார்த்த ஊரில் வாதத்தில் விழுந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வெயிலில் வைத்தார். சாயங்காலத்துக்குள் அந்த ஆள் போய்ச் சேர்ந்தார். விசாரணை, சஸ்பெண்டு, பாதிச் சம்பளம் என்று அலைந்து திரும்பியதில் வந்த புத்தி அது. ஜனங்களுக்கு அதெல்லாம் தெரியாது.

ஈச்சங்காட்டு மாதப்பனுக்கும் அமல்தாசுக்கும் பழக்கம் ஏற்பட்டது போன மாசி மாதத்தில்.

மாதப்பனுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். சும்மா உட்காரத் தெரியாத மனுசன். விடிந்தால் மாட்டை அவிழ்ப்பார், மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டுவார், ராகிக் கொல்லையில் களை பறிப்பார், மத்தியானம் ஒரு உருண்டை களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தின்றுவிட்டு மறுபடி கொல்லைக்குப் போவார். மகன் பிரபாகர் கோழித் தீவன வியாபாரம் என்று ஊர் ஊராய்ச் சுற்றுகிறவன். வீட்டையும் மாட்டையும் மருமகள் நிர்மலா பார்த்துக்கொண்டாள்.

அந்த வீடு மாதப்பனின் அப்பா கட்டிய ஓட்டு வீடு. மாதப்பனுக்கு ஒரே தங்கை, தீர்த்தம்மாள். அவள் புருசன் லாரி ஓட்டினான். தொப்பூர்க் கணவாயில் பிரேக் பிடிக்காமல் போய்ச் செத்தான். கைப்பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளுக்கு மாட்டுக் கொட்டாயில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடைத்தது. பிரபாகருக்குப் பெண் கொடுக்கிறவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள், தாலியறுத்தவள் எதிரே நிற்கக் கூடாது என்று ஒரு காலையில் மாதப்பன் அவளைத் துணிமூட்டையோடு பஸ் ஏற்றிவிட்டார். போகும்போது அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கதவைச் சாத்திவிட்டார்கள். மாங்கூழ் கம்பெனியில் மாங்கொட்டை உரித்துப் பிள்ளையைப் படிக்க வைத்த தீர்த்தம்மாள், மகளுக்குக் கலியாணம் முடித்த கையோடு பாகம் கேட்டு வழக்குப் போட்டாள். கோர்ட்டு கொல்லையை அண்ணனுக்கும் வீட்டைத் தங்கைக்கும் பிரித்துக் கொடுத்தது. எது வேண்டும் என்று கேட்டபோது அவள்தான் வீட்டைக் கேட்டாளாம்.

மாதப்பன் காலி செய்யவில்லை. அமல்தாஸ் உத்தரவோடு வந்தார். வந்த நேரம், மாதப்பன் புளி உலுக்க மரமேறிக் கிளை முறிந்து விழுந்து, இடுப்பில் கட்டுப்போட்டுக் கட்டிலில் கிடந்தார். எலும்புக் கட்டுக்காரர் வைத்த முட்டைப்பத்து நாற்றம் வாசல் வரைக்கும் அடித்தது.

அமல்தாஸ் வாசற்படியிலேயே நின்றார்.

"என்னாச்சுங்க பெரியவரே?"

"மரத்திலிருந்து வுழுந்துட்டன் சார். அசைய முடியல."

"எந்திரிச்சு உக்கார முடியுங்களா?"

"அம்மாடி, அதெங்க? மூத்திரம் கூட இங்கியேதான் போவுது."

அமல்தாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நிர்மலா சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அவர் வேண்டாமென்றார். காலி செய்கிற வீட்டில் அவர் தண்ணீர் கூடத் தொடுவதில்லை.

"ஒடம்பப் பாருங்க. நான் எழுதிக் குடுத்துடறன்," என்று சொல்லிவிட்டுப் போனவர், கூட வந்த கிராம உதவியாளரிடம் வண்டியடியில் வைத்து, "படுத்திருக்கறவரைத் தூக்கற வேல நம்மகிட்ட இல்லப்பா. வேற எவனாச்சும் வந்து தூக்கட்டும்," என்றார்.

அதைக் காதில் வாங்கியவன் பிரபாகர். அன்றே வக்கீலுக்குப் போன் போட்டான். மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறது, ஸ்டே வரும், அதுவரைக்கும் எப்படியாவது வீட்டை விடாமல் பிடித்துக்கொள் என்றார் வக்கீல். எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதைத்தான் அமீனாவே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரே!

சித்திரையில் மாதப்பனுக்கு எலும்பு கூடிவிட்டது. கம்பை ஊன்றி மாடு வரைக்கும் போனார், அப்புறம் கம்பில்லாமல் கொல்லைக்கே போனார். அமல்தாஸ் மறுபடி வந்த அன்று கொல்லையில் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் போனில் சொன்னதும் பிரபாகர் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

"அப்பா, ஏறு ஏறு. அமீனா டீ குடிச்சுக்கிட்டு இருக்கறான்."

"காலெல்லாம் சேறுடா."

"போர்வைக்குள்ள எவன் காலைப் பாக்கப் போறான்? ஏறு!"

கட்டிலில் விழுந்து போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டபோது மாதப்பனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நிர்மலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அமல்தாஸ் வந்தார், பார்த்தார், "இன்னும் எந்திரிக்கலையா?" என்றார். மாதப்பன் முனகினார். எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரிச் சோற்றுக்கு நிர்மலா நாட்டுக்கோழி அடித்தாள். மாதப்பன் முனகிக் காட்டிக் காட்டிப் பேரப்பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். அந்த வீட்டில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்த கடைசி நாள் அதுதான்.

தீர்த்தம்மாள் சும்மா இருப்பாளா? கொல்லையில் மாதப்பன் குச்சி நடுவதை யாரோ செல்போனில் பிடித்து அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் அதைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் காட்டினாள். அது எந்த மாதம் எடுத்த படம் என்று யாருக்குத் தெரியும், விழுவதற்கு முன்னால் எடுத்தது என்று பிரபாகரின் வக்கீல் அடித்துப் பேசினார். இனிமேல் முன்கூட்டித் தெரிவிக்காமல் போய்ப் பார்த்து எழுத வேண்டுமென்று அமல்தாசுக்கு உத்தரவாயிற்று. அவர் டீக்கடையில் நிற்பதை விட்டார். ஒருநாள் ஏரிக்கரை வழியாக வருவார், ஒருநாள் விடிந்ததும் வந்து நிற்பார்.

"இனிமே கட்டிலை வுட்டு எறங்கக் கூடாதுப்பா," என்றான் பிரபாகர்.

"எறங்காம எப்படிடா? மாடு?"

"மாட்டை வித்துடலாம்."

"கொல்லைய என்ன பண்றது?"

"குத்தகைக்கு வுட்டாச்சு. நீ படுத்துக்கிட்டு இருந்தா போதும். ஸ்டே வந்துடுச்சுன்னா எந்திரிச்சு ராஜாவாட்டம் நட. யாரு வேணாங்கறா?"

"எத்தன நாளைக்குடா?"

"ஒரு மாசம். மிஞ்சிப் போனா ரெண்டு மாசம். உன் தங்கச்சி வந்து உன் வூட்ல குந்திக்கிட்டு, நீ தெருவுல நிக்கணுமா? அதச் சொல்லு."

அந்த ஒரு பேச்சில் மாதப்பன் அடங்கிவிடுவார். தங்கையிடம் தோற்பதை நினைத்தால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். தான் அவளுக்குச் செய்தது தெரியும், தெரிந்ததனால்தான் அந்த எரிச்சல். படுத்தார்.

அவருக்குக் களியை முதலில் நிறுத்தினாள் நிர்மலா.

"மாமா, களி தின்னா கன்னம் ரெண்டும் உப்பிக்கிது. பாக்கறவங்க நோயாளின்னு நம்ப வேணாமா? கஞ்சி குடிங்க."

"ஒரு உருண்டையம்மா. ஒரே ஒரு உருண்டை."

"அமீனா வந்து நிக்கறப்ப களி வாசம் மூக்குல அடிச்சா என்ன நெனைப்பாரு? ஸ்டே வரட்டும், பானை களியும் உங்களுக்குத்தான்."

முகம் மழிக்கவும் விடவில்லை. நகம் வெட்டவில்லை. கக்கூசுக்குப் போகப் பின்கதவைத் திறந்தால் எதிர் வீட்டு மாடியிலிருந்து எவனாவது படம் பிடிப்பானென்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின. ஆடிக் காற்று ஓட்டைத் தூக்கிப் போட்டு அடித்தபோது, ஏணி வைத்து ஏறி ஓடு சொருகத் தெரிந்த மனுசன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடந்தார். புரட்டாசியில் மழை வந்தது, ஒழுகிய இடம் கட்டிலின் கால்மாடு. கட்டிலை நகர்த்தினால் ஜன்னல் வழியாக ஆள் தெரிய மாட்டார் என்பதால் நகர்த்தவில்லை, ஒரு சாக்கை மேலே போட்டார்கள்.

ராகி அறுப்பு நேரம். எதிர்க்களத்தில் கதிரடிக்கிற சத்தம் கேட்டது.

"பிரபா, கொஞ்ச நேரம் களத்தைப் பாத்துட்டு வந்துடறன்டா."

"உனக்கு மூளை இருக்குதா?"

"ராத்திரியில கூட வேணாமா? இருட்டுல ஒரு நடை. காலு மரத்துப் போவுதுடா. தொடையெல்லாம் கொழகொழன்னு ஆயிருச்சு, தொட்டுப் பாரு."

பிரபாகர் தொட்டுப் பார்க்கவில்லை. "நோயாளி கால் அப்படித்தான் இருக்கணும். நல்லதுதான்," என்றான்.

முதுகில் புண் வந்தது. முதலில் சிவந்தது, அப்புறம் தோல் வழண்டது. நிர்மலா மஞ்சளை அரைத்துப் பூசினாள். ஆஸ்பத்திரிக்கு இட்டுப்போகலாமா என்று ஒருநாள் கேட்டாள், கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. பிரபாகர், "ஆஸ்பத்திரிக்குப் போனா கட்டில் காலியாயிடும். கட்டில் காலியா இருக்கற நேரம் பாத்து அமீனா வந்தா வூடு போச்சு," என்றான். யோசித்துப் பார்த்தாள். அதுவும் சரிதான் என்று பட்டது. கெட்ட பெண் என்று சொல்ல முடியாது. வீடு போய்விட்டால் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவது என்ற பயம் அவளுக்கு.

கார்த்திகை மாதத்தில் தீர்த்தம்மாளே வந்தாள். யாரும் வா என்று கூப்பிடவில்லை. நேரே உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள். நாற்றத்தில் ஒரு நிமிசம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணா, என்னைப் பாத்துச் சொல்லு. நெசமாவே முடியலையா, இல்ல இவன் படுக்க வெச்சிருக்கறானா?"

மாதப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அத்தை, நோயாளிகிட்ட என்ன வம்பு?" என்றான் பிரபாகர்.

"நீ வாய மூடுறா. எங்க அண்ணங்கிட்டப் பேசறன். அண்ணா, இப்ப எந்திரிச்சு உக்காந்து, 'தீர்த்தா, அன்னைக்குச் செஞ்சது தப்பு, தண்ணி குடி'ன்னு ஒரு வார்த்த சொல்லு. அந்தக் கோடி ரூம்ப எனக்குக் குடு போதும். மிச்சத்துல நீங்க இருங்க. எனக்கென்ன, மகளைக் கட்டிக் குடுத்தாச்சு, ஒத்தக் கட்ட. எந்திரி."

மாதப்பனின் இமை அசைந்தது. எழுந்துவிடலாம் போலத்தான் அவருக்கு இருந்தது. கண்ணை லேசாகத் திறந்தால், தங்கையின் தோளுக்குப் பின்னால் பிரபாகர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் கையில் செல்போன் இருந்தது. படம் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மறுபடி கண்ணை மூடினார்.

தீர்த்தம்மாள் குனிந்து போர்வையை விலக்கி, அவருடைய உள்ளங்காலில் நகத்தைப் பதித்து அழுத்தினாள். உயிர் போகிற வலி. மாதப்பன் அசையவில்லை, பல்லைக் கூடக் கடிக்கவில்லை.

"கதவைச் சாத்துனப்பவும் இப்படித்தான் கல்லாட்டம் இருந்த," என்றாள். அழுதாள். அழுகையைத் துடைத்துக்கொண்டு, "நோயாளின்னா ஆஸ்பத்திரியில இருக்கட்டும். நான் பாத்துக்கறன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் பிரபாகர், "சபாஷ்ப்பா! என்ன நடிப்பு!" என்று தட்டிக்கொடுத்தான். மாதப்பன் உள்ளங்காலைத் தடவக் கையை நீட்டினார். கை முழங்காலைத் தாண்டிப் போகவில்லை.

தை பிறந்தது. மேல்கோர்ட்டில் அப்பீலைத் தள்ளிவிட்டார்கள். அதை வக்கீல் பிரபாகரிடம் சொல்வதற்கு முன்னாலேயே அமல்தாஸ் வந்துவிட்டார். இந்தத் தடவை பின்னால் போலீஸ் ஜீப், அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ். வீட்டில் நோயாளி இருந்தால் ஆம்புலன்சில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வீட்டைக் காலி செய்யலாம் என்று தீர்த்தம்மாள் மனுப் போட்டு உத்தரவு வாங்கியிருந்தாள். அமல்தாசுக்கும் நிம்மதிதான். படுத்திருக்கிறவரைத் தூக்குகிறவர்கள் தனியாக வந்துவிட்டார்கள்.

அடுப்பு முதலில் வெளியே வந்தது. அதன் பின்னால் நிர்மலா வந்தாள். பீரோ, சாமி படங்கள், ராகி மூட்டை எல்லாம் புளியமரத்தடிக்குப் போயின. பிரபாகர் கத்தினான், வக்கீலுக்குப் போன் போட்டான், வக்கீல் எடுக்கவில்லை. ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

அமல்தாஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"பெரியவரே, கடைசியாக் கேக்கறன். நடக்க முடிஞ்சா சொல்லிடுங்க. கையைப் புடிச்சு மெதுவாக் கூட்டிக்கிட்டுப் போறன். ஸ்ட்ரெச்சர் வேண்டாம்."

மாதப்பன் மகனைத் தேடினார். மகன் வாசலில் போலீஸ்காரரோடு மல்லுக்கு நின்றான். எழுந்திரு என்றும் சொல்லவில்லை, படு என்றும் சொல்லவில்லை. சொல்லாததனால் மாதப்பன் பழையபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அமல்தாஸ் கதவைப் பூட்டித் தீர்த்தம்மாளிடம் சாவியைக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அவள் பூட்டைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாளைக்கு வெளியே வரக் கூடாது, வந்தால் பூட்டை உடைத்து உள்ளே புகுந்துவிடுவார்கள் என்று அவளுடைய வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆம்புலன்ஸ்காரப் பையன் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"முதுகெல்லாம் புண்ணா இருக்குது. காலு ரெண்டும் நீட்ட வரல. கூட யாரு வர்றீங்க?"

நிர்மலா பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"பேஷண்ட் கூட ஆள் வேணுங்க. மகன் யாரு?"

"ஆஸ்பத்திரி எதுக்குய்யா?" என்றான் பிரபாகர். குரல் கிழிந்துபோயிருந்தது. "சாமானெல்லாம் தெருவுல கெடக்குது, எவன் போயி அங்க குந்திக்கினு இருக்கறது? எறக்குங்க. அந்தாளுக்கு ஒண்ணுமில்ல. நல்லா நடப்பாரு."

அமல்தாஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நடப்பாரா?"

"நடப்பாருங்க! இனிமே மறைச்சு என்ன ஆவப் போவுது? சித்திரையிலேயே கொல்லையில வேல செஞ்ச ஆளு."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அமல்தாஸ் சிரிக்கவில்லை. "அடப்பாவிங்களா," என்றார். அதோடு சரி. கொண்டுபோக வேண்டாம் என்று பிரபாகர் கையெழுத்துப் போட்டான். மாதப்பனைப் புளியமரத்தடியில் பாயில் இறக்கிவிட்டு ஆம்புலன்ஸ் போய்விட்டது.

"எந்திரிப்பா," என்றான் பிரபாகர். "எல்லாம் போச்சு. கொல்லையில இருக்கற மோட்டார் கொட்டாய்க்குப் பொழுதோட போவணும். மூட்டை தூக்க ஆளில்ல. எந்திரி."

மாதப்பன் சிரித்தார். எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை! இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தார். முழங்கால் மடங்கின இடத்திலேயே நின்றது. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். இடுப்பு தரையை விட்டு ஒரு விரல்கூட எழும்பவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

"பழக்கம் வுட மாட்டேங்குது பெருசுக்கு," என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். மறுபடி சிரிப்பு.

ஜன்னலுக்குள்ளிருந்து தீர்த்தம்மாள் குரல் வந்தது. "போதும் அண்ணா. யாருக்கு நடிக்கிற? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே."

"நெசந்தான் தீர்த்தா. நெசமாவே வரல."

"அன்னைக்கும் நெசம்னுதான காட்டுன?" அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

"ஊரு முன்னால என்னை அசிங்கப்படுத்தறயா?" என்று பிரபாகர் தந்தையின் தோளைப் பிடித்து உலுக்கினான். "இனி எவனுக்காகப் படுத்துக் கெடக்கற?"

"டேய், வரலடா. சத்தியமா வரலடா பிரபா."

சத்தியம் பண்ணினால் நம்புகிற நிலையில் யார் இருந்தார்கள்? பிரபாகர் ராகி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அமல்தாஸ் வண்டியடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அத்தனை பேரிலும் அவருக்கு மட்டும் தெரிந்தது, அந்தக் கால் நடிக்கிற கால் இல்லை என்று. வாதத்துக்காரரின் காலைப் பார்த்தவர் அவர். இரண்டு எட்டு மரத்தை நோக்கி வைத்தார். அப்புறம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். வீட்டிலிருந்தவர் ஆம்புலன்சில் ஏற்றப்பட்டார் என்று எழுதியாகிவிட்டது. கிட்டப் போனால், எழுந்திருக்க முடியாத ஆள் தெருவில் கிடந்ததைப் பார்த்தேன் என்று எழுத வேண்டும். எழுதினால் மறுபடி விசாரணை. ரிட்டையராக இன்னும் கொஞ்ச காலம்தான். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை உதைத்தார். போகிற வழியில் டீக்கடையில் நின்று, அன்று டீயை முழுசாகக் குடித்தார்.

கூட்டம் கலைந்தது. நிர்மலா மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. மூட்டையிலிருந்து மாவெடுத்து, உலை கொதித்ததும் கொட்டிக் கிளறினாள். புளியமரத்தடி முழுக்கக் களி மணத்தது. தட்டில் பெரிய உருண்டையாகப் பிடித்துப் போட்டு, நடுவில் குழி பண்ணி, பக்கத்து வீட்டில் வாங்கிய அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி, மாமனாரின் தலைமாட்டில் வைத்தாள்.

"இந்தாங்க மாமா, ஆசப்பட்டுக் கேட்டீங்களே. எந்திரிச்சு உக்காந்து சாப்புடுங்க. படுத்துக்கிட்டு முழுங்குனா தொண்டையில சிக்கிக்கும்."

"கையக் குடும்மா. தூக்கி வுடு."

"அய்யோ, இன்னும் என்ன மாமா வெளையாட்டு? எனக்கு ஆயிரம் வேல கெடக்குது," என்று சொல்லிவிட்டு அவள் பாத்திர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் விட்டு, கொல்லைப் பக்கம் நடந்தாள். மாதப்பன் மண்ணில் கன்னம் பதிய, தலைமாட்டில் இருந்த களியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.